அணைய மறுத்த எல்எம்ஓ2: பாரிஸ் மரபணு சிகிச்சையில் டி செல் வளர்ச்சி தடம் புரண்ட நிகழ்வு

2002ஆம் ஆண்டு பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் ஒரு சிறுவனின் ரத்தத்தில் டி செல்களின் (நோயெதிர்ப்பை நடத்தும் ஒரு வெள்ளணு வகை) எண்ணிக்கை கட்டுமீறி ஏறியது. டி செல்லே இல்லாமல் பிறந்த குழந்தை அவன். கைக்குழந்தையாக இருந்தபோது மரபணு சிகிச்சை பெற்று, இரண்டரை ஆண்டுகள் மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்ந்தவன். பெருகிய செல்கள் அத்தனையும் ஒரே காமா-டெல்டா ஏற்பியை (டி செல் தன் இலக்கை அடையாளம் காணும் புரதத்தின் ஒரு வகை) தாங்கியிருந்தன; ஒரே செல்லின் வழிவந்தவை என்பதற்கு அதுவே அடையாளம். அவற்றின் டிஎன்ஏவில், சரியான மரபணுவைச் சுமந்து சென்ற சிகிச்சை வைரஸ் உட்கார்ந்திருந்த இடம் 11ஆம் குரோமோசோமின் குட்டைக் கரத்தில் உள்ள எல்எம்ஓ2 என்ற மரபணுவின் முதல் இன்ட்ரான் (மரபணுவுக்குள் புரதமாக மாறாத இடைத்துண்டு). சில மாதங்களில் இரண்டாவது சிறுவனுக்கும் அதே நிலை. இவனுடைய செல்கள் ஆல்ஃபா-பீட்டா வகை. ஆனால் வைரஸ் அமர்ந்திருந்தது மறுபடியும் எல்எம்ஓ2வின் வாசலில்.

320 கோடி எழுத்து நீளமுள்ள மரபுத்தொகுதியில் இருவருக்கும் ஒரே மரபணு என்றால் அதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. இந்த நிகழ்வு வழக்கமாக மரபணு சிகிச்சையின் பாதுகாப்பு பற்றிய பாடங்களில் வரும். அதைவிட டி செல் வளர்ச்சி பற்றிய பாடத்தில் சேர்ப்பதே பொருத்தம். முன்னோடிச் செல் டி செல்லாக மாறும்போது சில மரபணுக்கள் இயங்கத் தொடங்க வேண்டும், சில அணைய வேண்டும். இரண்டாவது வேலை நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை மனிதரிடம் இவ்வளவு தெளிவாகக் காட்டிய நிகழ்வு வேறில்லை.

நோயும் சிகிச்சையும்

எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஐஎல்2ஆர்ஜி மரபணு பழுதானால் வருவது எக்ஸ் வழிக் கடும் நோயெதிர்ப்புக் குறைபாடு. அந்த மரபணு தரும் 'பொதுக் காமா சங்கிலி' ஐஎல்-2, 4, 7, 9, 15, 21 ஆகிய ஆறு சைட்டோகைன்களின் (செல்களுக்கிடையே சைகை கொண்டுபோகும் புரதங்கள்) ஏற்பிகளிலும் பங்கு வகிக்கிறது. ஐஎல்-7 சைகை கிடைக்காவிட்டால் டி செல்கள் முதிரும் உறுப்பான தைமஸில் டி செல் முன்னோடிகள் பிழைக்கா. ஐஎல்-15 சைகை கிடைக்காவிட்டால் என்கே செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்கள் உருவாகா. எதிர்ப்பொருள் தரும் பி செல்கள் எண்ணிக்கையில் இருக்கும், ஆனால் டி செல்லின் துணையின்றி ஒழுங்காக வேலை செய்யா.

1999 மார்ச்சில் அலைன் ஃபிஷர், மரினா கவாஸானா-கால்வோ, சலீமா ஹசீன்-பே-அபினா குழுவினர் சிகிச்சையைத் தொடங்கினர். குழந்தையின் எலும்பு மஜ்ஜையை எடுத்து, சிடி34 குறியுள்ள முன்னோடிச் செல்களைக் காந்த மணிகளால் பிரித்தார்கள். ஸ்டெம் செல் காரணி, எஃப்எல்டி3 லிகண்ட், ஐஎல்-3, த்ராம்போபோயட்டினை ஒத்த ஒரு காரணி ஆகியவற்றில் ஒரு நாள் ஊறவைத்து அவற்றைப் பகுப்புக்குத் தூண்டினார்கள். இந்தப் படியைத் தவிர்க்க வழியில்லை: மோலோனி எலி லுகீமியா வைரஸிலிருந்து செய்த வெக்டர் (மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் ஊர்தி), பகுப்பில் கருச்சவ்வு கரையும்போதுதான் உட்கருவுக்குள் போக முடியும். அடுத்த மூன்று நாட்கள், ஃபைப்ரோநெக்டின் துண்டு பூசிய பைகளில், நாளுக்கொரு முறை புதிய வைரஸ் நீர்மம். பிறகு செல்களைக் கழுவிச் சிரை வழியே ஏற்றினார்கள். முன்கூட்டிக் கீமோதெரபி எதுவும் கொடுக்கவில்லை. சரியான மரபணு பெற்ற செல்தான் தைமஸில் பிழைக்கும் என்பதால் தேர்வு தானாகவே நடக்கும் என்பது கணக்கு, அது பலித்தது. சில மாதங்களில் ரத்தத்தில் டி செல்கள் வந்தன.

முதல் இரு குழந்தைகளின் முடிவு 2000 ஏப்ரலில் வெளியானது. பாரிஸில் 10 பேர், லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் ஏட்ரியன் த்ரஷர் குழுவிடம் 10 பேர் என மொத்தம் 20 குழந்தைகள். அவர்களில் 5 பேருக்கு (பாரிஸ் 4, லண்டன் 1) டி செல் லுகீமியா என்ற ரத்தப் புற்று வந்தது. சிகிச்சைக்கும் நோய்க்கும் நடுவே 2 ஆண்டு முதல் ஐந்தரை ஆண்டுக்கு மேல் வரை இடைவெளி. நால்வர் கீமோதெரபியில் மீண்டனர், ஒரு சிறுவன் 2004இல் இறந்தான். ஐந்தில் நான்கு லுகீமியாக்களில் வைரஸ் எல்எம்ஓ2வின் அருகில் இருந்தது. அந்த நான்கில் ஒன்றில் பிஎம்ஐ1 மரபணுவருகிலும் கூடுதலாக ஒரு நுழைவு. ஐந்தாவதில் நுழைவு சிசிஎன்டி2 மரபணுவருகில்.

தைமஸில் இயல்பாக நடப்பது

மஜ்ஜையிலிருந்து தைமஸுக்கு வந்து சேரும் முன்னோடி இன்னும் டி செல் அல்ல. வழி மாற்றிவிட்டால் மேக்ரோஃபேஜாகவோ, டென்ட்ரிட்டிக் செல்லாகவோ, என்கே செல்லாகவோ போகக்கூடியது. அதன் உள்ளே இன்னமும் குருத்துச் செல்லின் (ஸ்டெம் செல்) மரபணுத் தொகுப்புதான் ஓடிக்கொண்டிருக்கும்: எல்எம்ஓ2, எல்ஒய்எல்1, பியூ.1 என்ற படியெடுப்புக் காரணியை (மரபணு ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுவதைக் கட்டுப்படுத்தும் புரதம்) தரும் எஸ்பிஐ1, பிசிஎல்11ஏ, ஹெச்ஹெச்இஎக்ஸ், கிட். எலியில் இந்தக் கட்டத்துக்கு டிஎன்1 என்று பெயர், அடுத்த கட்டங்கள் டிஎன்2, டிஎன்3. செல் பல சுற்றுகள் பெருகிக்கொள்ளும் காலம் இது. பெருகும் சக்தியைத் தருவது அந்தப் பழைய தொகுப்புதான்.

தைமஸின் எபிதீலியச் செல்களில் உள்ள டிஎல்எல்4, முன்னோடியின் நாட்ச்1 ஏற்பியைத் தொடும். அது டிசிஎஃப்1, காட்டா3 ஆகியவற்றை எழுப்பும். டிஎன்2 கட்டத்தின் நடுவில் பிசிஎல்11பி என்ற மரபணு முதன்முறையாக இயங்கத் தொடங்கும். அதோடு வேறு வழிகள் மூடப்படும், செல் டி செல்லாகவே ஆகித் தீர வேண்டும். பிசிஎல்11பி இல்லாத எலி முன்னோடிகள் இந்த வாசலைத் தாண்டுவதில்லை. வளர்ப்புத் தட்டில் டிஎன்2 போன்ற நிலையிலேயே பெருகிக்கொண்டிருக்கும், அல்லது என்கே போன்ற செல்லாகத் திரும்பும். 2010இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இதைக் காட்டின.

எலன் ரோத்தன்பெர்கின் கால்டெக் ஆய்வகம் பிசிஎல்11பி எப்படித் திறக்கிறது என்று பின்தொடர்ந்தபோது கிடைத்ததை இங்கே சொல்லியாக வேண்டும். அந்த மரபணுவுக்கு முக்கியமான என்ஹான்சர், அதாவது தொலைவிலிருந்து படியெடுப்பை உயர்த்தும் டிஎன்ஏ துண்டு, 8,50,000 எழுத்துகள் தள்ளி இருக்கிறது. இரண்டு பிரதிகளுக்கும் வெவ்வேறு ஒளிர்நிறம் மாட்டிய எலிகளில் பார்த்தால், ஒரே செல்லில் ஒரு பிரதி திறந்து சில நாட்கள் கழித்தே மற்றது திறக்கிறது. படியெடுப்புக் காரணிகள் இரண்டுக்கும் பொதுவாகவே அங்கே இருக்கின்றன. எனவே தாமதம் காரணிகளின் அளவால் வருவதில்லை. ஒவ்வொரு பிரதியின் குரோமாட்டின் சுருளும் (டிஎன்ஏவும் அதைச் சுற்றிவைக்கும் புரதங்களும்) தன் போக்கில், நிகழ்தகவின்படி, அவிழ்கிறது. காரணி வந்ததும் மரபணு இயங்கும் என்று பாடநூல்கள் இழுக்கும் அம்புக்குறி இந்தத் தாமதத்தை மறைத்துவிடுகிறது.

அணைவதும் அப்படிப்பட்ட ஒரு நிகழ்வே. டிஎன்2இலிருந்து டிஎன்3 செல்வதற்குள் எல்எம்ஓ2 உள்ளிட்ட பழைய தொகுப்பு மங்கி மறையும். படியெடுப்பைத் தாங்கிய காரணிகள் குறைய, பாலிகோம்ப் புரதங்கள் அந்த இடத்தின் டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் எச்3 ஹிஸ்டோன் புரதத்தில் 27ஆம் லைசினுக்கு மூன்று மெத்தில் மாட்டிப் பூட்டும். டிஎன்3இல்தான் டிசிஆர் (டி செல் ஏற்பி) பீட்டா மரபணு வெட்டி ஒட்டப்படுகிறது. ஆர்ஏஜி நொதி டிஎன்ஏவை அறுத்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் செல் பெருகாமல் நிற்பது அவசியம்.

எல்எம்ஓ2 செய்வது என்ன

158 அமினோ அமிலம் கொண்ட சிறு புரதம் எல்எம்ஓ2. துத்தநாகத்தைப் பிடித்திருக்கும் இரண்டு லிம் மடிப்புகள், அவ்வளவுதான். டிஎன்ஏவைத் தானாகத் தொடாது. டிஏஎல்1, இ2ஏ, எல்டிபி1, காட்டா ஆகியவற்றை ஒரே கூட்டமாகக் கோத்து நிறுத்தும் பாலம் அது. அந்தக் கூட்டம் ஏறத்தாழ ஒரு டிஎன்ஏ சுற்று இடைவெளியில் இருக்கும் இ-பாக்ஸ் வரிசையையும் காட்டா வரிசையையும் சேர்த்துப் பிடிக்கும். குருத்துச் செல்லிலும் சிவப்பணு வளர்ச்சியிலும் இது இல்லாமல் முடியாது. எல்எம்ஓ2 அறவே நீக்கப்பட்ட எலிக் கரு சிவப்பணு இல்லாமல் பத்தாம் நாளையொட்டி இறந்துவிடும். ஆகவே இதை வெறும் புற்று மரபணு என்று அழைப்பது பொருந்தாது. டிஎன்1இல் வேண்டியது, டிஎன்3இல் ஆகாதது.

புற்று மரபணு என்ற பெயர் அதற்கு 1990களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. டி செல் லுகீமியாவில் 11, 14ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்ளும்போது எல்எம்ஓ2 டி செல் ஏற்பி மரபணுவின் என்ஹான்சருக்குப் பக்கத்தில் போய்ச் சேர்கிறது. டி செல்லில் எப்போதும் விழித்திருக்கும் என்ஹான்சர் அது. வேறு சில நோயாளிகளில் 11ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு தொலைந்து, அதோடு எல்எம்ஓ2வை அடக்கிவைக்கும் வரிசையும் போய்விடுகிறது. இன்னும் சிலரில் முதல் இன்ட்ரானில் ஓரிரு எழுத்து மாறி, எம்ஒய்பி காரணிக்குப் புதிய பிடிமானம் உருவாகிறது. மூன்று வழிகளிலும் புரதத்தின் அமைப்பு மாறுவதில்லை. அணைய வேண்டிய வேளையில் அணையவில்லை என்பதுதான் பழுது. பாரிஸ் வெக்டர் செய்ததும் இதையேதான், நான்காவது வழியாக.

வைரஸ் ஏன் அங்கே உட்கார்ந்தது

மோலோனி வைரஸ் மரபுத்தொகுதியில் கண்ட இடத்தில் நுழையாது. அதன் நுழைவுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, மரபணு படியெடுப்பு தொடங்கும் புள்ளியிலிருந்து இருபுறமும் 5,000 எழுத்துக்குள் விழுகிறது. சீரற்று விழுந்தால் அது இருபதில் ஒன்றைக்கூட எட்டாது. காரணம் 2013இல் தெரிந்தது: வைரஸின் இன்டெக்ரேஸ் நொதி, அசிட்டைல் ஏறிய ஹிஸ்டோன்களைப் பிடித்திருக்கும் பிஆர்டி2, 3, 4 புரதங்களைக் கவ்விக்கொள்கிறது. அந்தப் புரதங்கள் கூடும் இடம் இயங்கும் புரமோட்டர்களும் (படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் வரிசைகள்) என்ஹான்சர்களும்.

சிடி34 செல்லில் எல்எம்ஓ2 திறந்து கிடக்கும். வைரஸ் நுழைந்தது அந்த நேரத்தில். டி செல்லில் நுழைத்திருந்தால் எல்எம்ஓ2 பூட்டியிருந்திருக்கும், அதன் அருகே இறங்கும் வாய்ப்பும் குறைந்திருக்கும்.

ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். எல்எம்ஓ2 புரமோட்டரைச் சுற்றி 10,000 எழுத்துள்ள வட்டம் என்று வைத்தால், சீரற்ற நுழைவுகளில் 3,20,000இல் ஒன்று அங்கே விழும். 6 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 20 லட்சம் மரபணு ஏறிய செல்கள் என்றால் 1 கோடியே 20 லட்சம் நுழைவுகள். அந்த வட்டத்துக்குள் குறைந்தது 37. வைரஸின் விருப்பத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். சிகிச்சை பெற்ற ஒவ்வொரு குழந்தைக்கும் எல்எம்ஓ2வின் பக்கத்தில் வைரஸ் அமர்ந்த செல்கள் போயிருக்கும் என்றே கொள்ள வேண்டும். நோய் வந்ததோ 20இல் 5 பேருக்கு. நுழைவு மட்டுமே போதாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

அமர்ந்த வைரஸ் செய்தது, தன் இரு முனைகளிலும் உள்ள நீள் மறுவரிசையிலிருந்து பக்கத்து மரபணுவைத் தூண்டியது. அந்த வரிசையின் யூ3 பகுதியில் உள்ள என்ஹான்சர், எலியின் டி செல்லில் வலுவாக இயங்கக்கூடியது. எல்எம்ஓ2வின் சொந்த என்ஹான்சர்கள் டிஎன்2இல் கைவிட்டன, இது விடவில்லை. திசையும் தூரமும் அதற்குப் பொருட்டல்ல: லண்டன் சிறுவனில் வெக்டர் 35,000 எழுத்து தள்ளி, எதிர்த்திசையில் இருந்தும் எல்எம்ஓ2வை எரியவைத்தது.

இரண்டு மூன்று ஆண்டுகள் ஏன் ஆயின

2010இல் ஆஸ்திரேலியாவில் மெத்யூ மெக்கார்மக் குழு எல்எம்ஓ2வை எலியின் தைமஸ் செல்களில் நிரந்தரமாக இயக்கிப் பார்த்தது. லுகீமியா வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே, பார்வைக்கு இயல்பாக இருந்த டிஎன்3 செல்கள் மாறியிருந்தன. வேறொரு எலிக்கு மாற்றினால் பிழைத்தன, அதிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாலும் பிழைத்தன. சாதாரண டிஎன்3 செல் இதைச் செய்யாது, அது முன்னேறும் அல்லது மடியும். வெளித்தோற்றத்தில் டி செல், தன்னைத் தானே புதுப்பிக்கும் ஆற்றலில் குருத்துச் செல். முதல் சேதம் இதுதான்.

அப்படித் தங்கிப்போன செல் ஆர்ஏஜி நொதி வேலை செய்யும் கட்டத்திலேயே காலம் கழிக்கிறது, பகுத்துக்கொண்டும் இருக்கிறது. தவறான வெட்டுகள் சேர்வதற்கு இதைவிடத் தோதான சூழல் வேண்டியதில்லை. லண்டன் சிறுவனின் லுகீமியாவில் நாட்ச்1ஐ மிகையாக இயக்கும் பிறழ்வு, சிடிகேஎன்2ஏ இழப்பு, டிசிஆர் பீட்டா பகுதி டிஏஎல்1 பக்கம் தாவிய இடமாற்றம் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தன. எல்எம்ஓ2 பாலத்துக்கு டிஏஎல்1 கூட்டாளி என்பதைக் கவனித்தால், கடைசி மாற்றம் அங்கே ஏன் இருந்தது என்பது விளங்கும்.

பொதுக் காமா சங்கிலியே புற்றைத் தூண்டியது என்று 2006இல் ஒரு வாதம் எழுந்தது. அதற்கு எதிரான வலுவான சான்று ஜெர்மனியிலிருந்து வந்தது. விஸ்காட்-ஆல்ட்ரிச் என்ற மற்றொரு பிறவி நோயெதிர்ப்பு நோய்க்கு வேறு மரபணு ஏற்றிய, ஆனால் அதே இன வெக்டர் பயன்படுத்திய சோதனையில் 10 குழந்தைகளில் 7 பேருக்கு லுகீமியா வந்தது. டி செல் லுகீமியாக்களில் மறுபடி எல்எம்ஓ2. ஏற்றிய மரபணு எதுவானாலும் வைரஸ் என்ஹான்சரே குற்றவாளி என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஏடிஏ நொதிக் குறைபாடு என்ற இன்னொரு நோயெதிர்ப்பு நோய்க்கு அதே வகை வெக்டர் பெற்ற குழந்தைகளில் எல்எம்ஓ2 நுழைவுகள் இருந்தும் பல ஆண்டுகள் எதுவும் நேரவில்லை. முதல் லுகீமியா 2020இல்தான் தெரியவந்தது. அதிலும் நுழைவு எல்எம்ஓ2வில். ஆக, நோயின் பின்னணியும் பேசுகிறது.

அந்தப் பின்னணியில் போதிய கவனம் பெறாத ஒன்று தைமஸுக்குள் நடக்கும் போட்டி. இயல்பான தைமஸில் மஜ்ஜையிலிருந்து புது முன்னோடிகள் வந்துகொண்டே இருக்கும், பழையவற்றை வெளியே தள்ளும். 2014இல் ஹைடல்பெர்கில் ஹான்ஸ்-ரைமர் ரோடவால்ட், வேரா மார்ட்டின்ஸ் குழு எலியில் இந்த வரத்தை நிறுத்திப் பார்த்தது. பழைய முன்னோடிகள் தைமஸிலேயே தங்கித் தாமே பெருகின, பெரும்பாலும் டி செல் லுகீமியாவில் முடிந்தது. அங்கே எந்த வெக்டரும் இல்லை. பாரிஸ் குழந்தைகளுக்கு முன்கீமோதெரபி இல்லாததால் மஜ்ஜையின் ஆழத்தில் திருத்திய குருத்துச் செல்கள் மிகக் குறைவாகவே ஊன்றின. தைமஸுக்கு வரும் புது வரத்தும் மெலிந்தது. மென்மையான சிகிச்சை என்று பாராட்டப்பட்ட அம்சமே பழைய செல்லுக்கு இடம்பிடித்துக் கொடுத்திருக்கலாம்.

நுழைவிடத்தைக் கண்டுபிடிக்கும் முறை

மான்ஃப்ரெட் ஷ்மிட், கிறிஸ்டோஃப் ஃபோன் காலே உருவாக்கிய எல்ஏஎம்-பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் முறையின் ஒரு வகை) இந்த நிகழ்வோடுதான் புகழ்பெற்றது. வெக்டர் முனையில் ஒட்டும் பயோட்டின் பூட்டிய பிரைமரை மட்டும் போட்டு ஒரு பக்கமாகப் பல சுற்று பெருக்க வேண்டும். கிடைத்த ஒற்றை இழைகளை ஸ்ட்ரெப்டாவிடின் காந்த மணியில் பிடித்து, இரண்டாம் இழையைக் கட்டி, நான்கெழுத்து வரிசையை அறுக்கும் நொதியால் வெட்டி, வெட்டு முனையில் லிங்கர் ஒட்டி, உள்ளும் புறமுமாக இரண்டு பிசிஆர் செய்து, வரிசை படிக்க வேண்டும்.

தவறு நேர்வது பெரும்பாலும் வெட்டும் படியில். நொதியின் வரிசை நுழைவிடத்துக்கு மிக அருகில் இருந்தால் துண்டு குட்டையாகி மரபுத்தொகுதியில் பொருத்த முடியாது. மிகத் தள்ளி இருந்தால் பிசிஆர் எட்டாது. ஒரே நொதியை நம்பினால் பெரிய குளோன் (ஒரே செல்லின் வழிவந்த கூட்டம்) ஒன்று கண்ணில் படாமலே போகலாம். இரண்டு மூன்று நொதிகளைத் தனித்தனியே பயன்படுத்துவது, அல்லது ஒலி அலையால் டிஎன்ஏவைச் சீரற்று உடைப்பது இதற்கு வழி. பின்னதில் கூடுதல் லாபம் உண்டு. ஒரே நுழைவிடத்துக்கு எத்தனை வெவ்வேறு உடைப்பு முனைகள் கிடைக்கின்றன என்று எண்ணினால் குளோனின் அளவு தெரியும். வரிசைகளை மட்டும் எண்ணினால் தெரிவது பிசிஆரின் சாய்வு.

இன்னொரு எல்லை டிஎன்ஏவின் அளவு. ஒரு மனிதச் செல்லில் 6.6 பிக்கோகிராம் டிஎன்ஏ. 100 நானோகிராம் எடுத்தால் கையில் இருப்பது 15,000 செல்கள்தான். அதைவிட அரிய குளோனை எந்தக் கருவியும் அந்தக் குழாயில் காட்டாது. முதல் பாரிஸ் சிறுவனின் சேமித்த ரத்தத்தைப் பின்னர் சோதித்தபோது, நோய் தெரிவதற்கு ஓராண்டுக்கும் முன்பே எல்எம்ஓ2 குளோன் அதில் இருந்தது. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆறு மாத இடைவெளியிலும், அடுத்த பத்தாண்டுகளுக்கு ஆண்டுக்கொரு முறையும் பரிசோதிக்கச் சொல்வதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

வெக்டரை மாற்றியபின்

என்ஹான்சர்தான் காரணம் என்றால் அதை வெட்டிவிடலாம். வெட்டவேண்டியது வெக்டரின் 3 முனையில் உள்ள யூ3ஐ. வைரஸ் தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும்போது அந்தப் பகுதியைத்தான் இரு முனைக்கும் நகலெடுக்கிறது. எனவே உற்பத்தியின்போது 5 முனையில் முழு வரிசை இருந்தாலும், செல்லில் நுழைந்தபின் இரு பக்கமும் ஊமை. ஐஎல்2ஆர்ஜியை இயக்க உள்ளே குட்டையான இஎஃப்1 ஆல்ஃபா புரமோட்டர். 2014இல் வெளியான முடிவில் 9 சிறுவர்களில் 8 பேர் உயிரோடு இருந்தனர். ஒருவர் டி செல் வருமுன்பே அடினோவைரஸ் தொற்றால் இறந்தார். எல்எம்ஓ2, மெக்காம் ஆகிய மரபணுக்களைச் சுற்றிய நுழைவுகள் பழைய சோதனையைவிடக் குறைந்திருந்தன.

அதற்குப் பின் வந்த லென்டிவைரஸ் வெக்டர் மரபணுவின் வாசலைவிட அதன் உடற்பகுதியை விரும்பி நுழைகிறது. கோழியின் பீட்டா குளோபின் பகுதியிலிருந்து எடுத்த 400 எழுத்து இன்சுலேட்டரும் (என்ஹான்சரின் தாக்கம் பக்கத்து மரபணுவை எட்டாமல் தடுக்கும் வரிசை) சேர்க்கப்பட்டது. முழு 1,200 எழுத்தையும் போட்டால் வைரஸ் விளைச்சல் சரியும். செயின்ட் ஜூட் மருத்துவமனையின் 2019 முடிவில், சிறு அளவு புசல்ஃபான் (முன்கீமோதெரபி மருந்து) கொடுத்த 8 குழந்தைகளில் டி செல்லோடு பி, என்கே செல்களும் மீண்டன. மஜ்ஜையில் திருத்திய குருத்துச் செல்கள் ஊன்றியதால் தைமஸுக்குத் தொடர்ந்து புது முன்னோடிகள் போகின்றன.

ஆனாலும் 2022இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் குழு, இதே நோய்க்கு இன்சுலேட்டர் வைத்த லென்டிவைரஸ் பெற்றவர்களில் ஹெச்எம்ஜிஏ2 மரபணுவுக்குள் நுழைந்த குளோன்கள் பெருகுவதைப் பதிவு செய்தது. இங்கே என்ஹான்சருக்கு வேலையில்லை. இன்சுலேட்டருக்குள் ஒளிந்திருந்த ஒரு ஸ்ப்ளைஸ் வரிசை (ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும் இடத்தைக் குறிப்பது), ஹெச்எம்ஜிஏ2வின் ஆர்என்ஏவை நடுவிலேயே இழுத்து முடித்துவைக்கிறது. அந்த ஆர்என்ஏவின் வாலில்தான் லெட்-7 நுண் ஆர்என்ஏ ஒட்டி அதை அடக்கும் இடங்கள் இருந்தன. வால் போனதும் அடக்குமுறையும் போயிற்று. படியெடுப்புக்கு முன் நடந்த பழுது ஒன்றைச் சரிசெய்ய வைத்த துண்டு, படியெடுப்புக்குப் பின் இன்னொன்றை உண்டாக்கியது. இப்போது வெக்டர் வரைபடத்தைப் பரிசோதிப்பவர்கள் புரமோட்டரையும் என்ஹான்சரையும் பார்த்த கையோடு, இரு திசையிலும் ஸ்ப்ளைஸ் வரிசைகளைத் தேடும் மென்பொருளையும் ஓட்டிவிடுவது நல்லது.